வலன்ரைன் விரலில் மோதிரம்

வாற ஞாயிறு லக்ஷனாவுக்குக் கலியாணம். அவளோ லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு நகைக்கடைக்குள் நின்று, மாப்பிள்ளை அல்லாத ஒருவனின் விரலில் மோதிரம் போட்டுக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்த கலாவதிக்கு, கையிலிருந்த முருங்கைக்காய்ப் பை நழுவப் பார்த்தது. லக்ஷனா அவளுக்குப் பெறாமகள். கூடப்பிறந்த தங்கச்சியின் ஒரே பிள்ளை. தகப்பன் இல்லாத பிள்ளை.

“பேர்ளி, இஞ்சை வாரும். அது எங்கட லக்ஷனாதானே?”

கூட மரக்கறி வாங்க வந்த பேர்ளி, கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள்.

“ஓம் அக்கா. பக்கத்தில ஆர், அந்தக் கறுவல் பெடியன்?”

“கார்ஜ் ஊரில அவையின்ர எதிர்வீட்டுக்காரன். நைஜீரியாச் சனம். பேர் வலன்ரைன்.”

“காதலர் தினத்துப் பேர், நல்ல பொருத்தமாத்தான் இருக்கு.”

பேர்ளி சிரிக்காமல் சொன்னாள். அதுதான் கலாவதிக்குக் கூடுதலாகக் குத்தியது.

போன மாதம் கண்டதும் இப்போது ஞாபகத்துக்கு வந்தது. பலகாரம் சுடுகிறது பற்றிக் கதைக்கத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். தங்கச்சி வேலை முடிந்து இன்னும் வரவில்லை. இதுகள் இரண்டும் ஒரே சோபாவில். ரீவியில் ஒரு நைஜீரியப் படம். படத்தில் ஒருத்தனும் ஒருத்தியும் பஸ் வாசலில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். இங்கே இதுகள் ஒரே பெட்டியில் கடதாசி இழுத்து மாறி மாறி மூக்குச் சீறுகின்றன. கலாவதிக்கு இங்கிலீசு தெரியாது. காதல் படம் விளங்க இங்கிலீசு எதற்கு?

“அண்டைக்கே தங்கச்சிக்குச் சொன்னனான். அவள் சிரிச்சுப்போட்டு விட்டிட்டாள்.”

“தாய்க்குத் தெரிஞ்சே நடக்குதோ?”

“அவளுக்கு என்ன தெரியும்? துப்புரவு வேலைக்கு ஓடி ஓடியே அவளின்ர சீவியம் போச்சு.”

“அங்கை பாருங்கோ அக்கா, பெடியன்ர கையில வேட்டிப் பை.”

உண்மைதான். பட்டு வேட்டியின் கரை வெளியே எட்டிப் பார்த்தது. வேட்டி ஆச்சு, மோதிரம் ஆச்சு. இனித் தாலி ஒன்றுதான் பாக்கி.

கலாவதி போனை எடுத்தாள்.

“மாப்பிள்ளையின்ர தாய்க்குச் சொல்லுறதுதான் முறை. நாளைக்கு எங்களை ஆரும் பிழை சொல்லக்கூடாது.”

“சொன்னால் கலியாணம் நிண்டுபோகும்.”

“நிக்கட்டும். மணவறையால எழும்பி ஓடுறதைவிட இது நல்லம்.”

நம்பரைத் தட்டப் போனவளுக்கு, முதலில் லக்ஷனாவிடம் நேரில் நாலு வார்த்தை கேட்காவிட்டால் சோறு இறங்காது போல இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பேர்ளி விடுவாளா, அவளும் பின்னால் போனாள்.

“பெரியம்மா, நீங்கள் எப்பிடி இஞ்சை?” என்று லக்ஷனா சிரித்தாள். அந்தச் சிரிப்பும் கலாவதிக்கு நடிப்பாகத்தான் பட்டது.

“கழட்டச் சொல்லு அந்த மோதிரத்தை. மாப்பிள்ளை உதயன் தம்பிக்கு இது தெரியுமோ?”

“உதயன்தானே எங்களை அனுப்பினவர்.”

“ஆருக்கடி காதில பூச் சுத்துறாய்? கட்டப்போற மாப்பிள்ளையே ஒரு கறுவலுக்கு மோதிரம் பாக்கச் சொன்னவராமோ? இதுகளை வீட்டுக்குள்ள விடாதை எண்டு கொம்மாவுக்கு எத்தினை தரம் சொன்னனான். சோபாவில இருந்து காதல் படம் பாத்து அழுததை நான் காணேல்லை எண்டு நினைச்சியோ?”

கலாவதியின் நிறமும் ஒன்றும் பால் நிறமில்லை. அது வேறு கதை. வலன்ரைன் கண்ணாடி மேசையையே பார்த்துக்கொண்டு நின்றான். தமிழ் விளங்காதது நல்லதாய்ப் போயிற்று என்று கலாவதி நினைத்தாள்.

“அது காதல் படமில்லை, பெரியம்மா.” லக்ஷனாவின் குரல் இறங்கிவிட்டது. “அண்ணன் தங்கச்சி படம். தாய் தகப்பன் இல்லாத தங்கச்சியைப் படிப்பிக்க, அண்ணன் தன்ர படிப்பை விட்டிட்டு பஸ் ஓடுறான். அவள் டொக்டராகி ஊருக்குத் திரும்பி வந்து, அவன்ர பஸ்ஸிலதான் முதல் ஏறுறாள். அம்மா இரவு வேலைக்குப் போன காலத்தில நான் இவையின்ர வீட்டிலதானே படுத்தெழும்பினது. பகலில இவன் எங்கட வீட்டில, அம்மாவோட. சனிக்கிழமையில அந்தப் படத்தைத்தான் போடுவினம். இப்பவும் பாத்தால் ரெண்டு பேரும் அழுவம்.”

“படம் கிடக்கட்டும். மோதிரம் என்னத்துக்கு?”

“மணவறைக்கு வரேக்க மாப்பிள்ளையின்ர காலைப் பொம்பிளையின்ர சகோதரம் கழுவவேணுமெல்லோ. கழுவின தோழனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடுவார். அதுக்குத்தான் அளவு பாக்கிறம்.”

கலாவதிக்கு மூச்சு வந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

“அதுக்கு இவன்தான் கிடைச்சானோ? உனக்கு அண்ணனெண்டு என்ர மகன் துஷ்யந்தன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்க?”

லக்ஷனா பேர்ளியை ஒருக்கால் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

“துஷ்யந்தன் அண்ணையைத்தான் முதல் கேட்டனான். ‘என்ர பிள்ளை இஞ்சினியர், குனிஞ்சு ஆரின்ரயும் கால் கழுவமாட்டான்’ எண்டு போனைப் பறிச்சுச் சொன்னது நீங்கள்தானே.”

பேர்ளி திரும்பிச் சங்கிலிகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

வலன்ரைன் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். பிறகு, லக்ஷனாவின் தாய் பேசுகிற அதே யாழ்ப்பாணத் தமிழில் சொன்னான்:

“எனக்கு அதில ஒரு வெக்கமும் இல்லை, பெரியம்மா. நான் கால் கழுவேக்க, தண்ணியை மட்டும் நீங்கள் ஊத்துவியளோ?”