சாகாத கிருமி

"செத்துச்சா, சாகலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு!" என்றார் நீச்சல்குளத்துச் செயலாளர்.

"நியாயமாப் பார்த்தா செத்திருக்கணும் சித்தப்பா" என்றாள் அவள். பார்வை கைப்பேசியை விட்டு நகரவில்லை.

செத்திருக்க வேண்டியவை குளத்துக் கிருமிகள். நீரைக் குழாய்க்குள் இழுத்து, புற ஊதா விளக்கில் காட்டிக் கிருமிகளைக் கொல்லும் கருவியை அவளே வடிவமைத்திருந்தாள். இருந்த வேலையை விட்டுவிட்டு வடிவமைத்ததால் வீட்டில் அவளுக்கு 'விஞ்ஞானி' என்று பெயர். பாராட்டு அல்ல.

விளக்கு எரிந்தது. தண்ணீர் பளிங்காகக் கிடந்தது. ஆனால் பரிசோதனைக்கூடத்துக்குப் போன பாட்டில் எல்லாவற்றிலும் கிருமி இருந்தது.

"பிள்ளைங்களுக்குச் சொறி வந்து மூடின குளம். அண்ணன் பொண்ணாச்சேன்னுதான் உன்கிட்ட விட்டேன். இன்னைக்கும் கிருமின்னு வந்தா உன் டப்பாவைக் கழட்டிட்டுக் குளோரினுக்கே போயிடுவேன். தேறிட்டா சாயங்காலமே திறப்பு. பெத்தவங்களுக்கு உன் டப்பாமேல நம்பிக்கை வரணும்ல? அவங்க முன்னாடி நம்ம மாஸ்டர்தான் முதல்ல குதிக்கிறார். என்ன மாஸ்டர்?"

நீச்சல் மாஸ்டர் கழுத்தில் தொங்கிய விசிலைத் தடவினார். "கிருமி செத்தா நான் ரெடி சார். பாவம், பாப்பாவை அவசரப்படுத்தாதீங்க."

அங்கே அவளுக்கு ஆறுதல் சொன்ன ஒரே ஜீவன் அவர்தான். பாட்டில்களைத் தன் வண்டியில் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனதும் அவரே. இப்போதும் டிபன் டப்பாவைத் திறந்து நீட்டினார்.

"காலைல இருந்து பட்டினி. இந்தத் தயிரையாவது சாப்பிடும்மா."

"இறங்காது மாஸ்டர். நகத்தையே தின்னு வயிறு ரொம்பிடுச்சு. மனசு கேக்காம இந்தத் தடவை நானும் தனியா ஒரு பாட்டில் குடுத்துட்டு வந்திருக்கேன்."

"நீயா? எதுக்கும்மா உனக்கு வீண் அலைச்சல்?" மாஸ்டரின் முகம் அவள் முகத்தைவிட வாடிப்போனது.

கைப்பேசி அலறியது. அவள் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"விஞ்ஞானி, நீ குடுத்த பாட்டில் படு சுத்தம்" என்றாள் பரிசோதனைக்கூடத்து அக்கா. "மாஸ்டர் குடுத்ததுலதான் வழக்கம்போல கிருமி. சந்தேகப்பட்டு என்ன ஜாதின்னு பார்த்தேன். தயிர்ல இருக்கிறதுடி அது! குளத்துக்கு யாராவது உறை ஊத்துறீங்களா?"

எல்லார் பார்வையும் டிபன் டப்பாவில் விழுந்தது. மாஸ்டர் அதை மெதுவாக மூடினார்.

"அடப்பாவி! குளோரின்காரன் கையாளாய்யா நீ?" செயலாளர் பாய்ந்தார்.

"சத்தியமா இல்ல சார்!"

"அப்ப எங்கமேல என்ன மாஸ்டர் கோபம்?" என்றாள் அவள். "என் பொழைப்பே இதுலதான் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"உன்மேல ஒண்ணுமில்லம்மா..." மாஸ்டர் குளத்தின் ஆழமான பக்கத்தைப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா கரையில நின்னு விசில்தான் ஊதியிருக்கேன் சார். எனக்கு நீச்சல் கத்துக்குடுக்கத்தான் தெரியும்... நீந்தத் தெரியாது!"