சம்பளம் கேட்காத வேலைக்காரர்கள்

“நம்ம ஆட்கள் வேலைக்கு வர ஆரம்பிச்சாச்சு” என்று சொல்லிக்கொண்டே எபனேசர் நோட்டில் எழுதினார். அறையில் அவரையும் ஒரு கண்ணாடித் தொட்டியையும் தவிர யாரும் இல்லை. தொட்டியிலும் எட்டுக் குடம் கடல் தண்ணீர், கொஞ்சம் மணல், செத்த இறால் ஒன்று, அவ்வளவுதான்.

எபனேசருக்குப் பைத்தியம் இல்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்த ஒரு சின்ன மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். பொறுப்பாளர் தனியாகப் பேசினால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

கடல் மீனைப் புதுத் தொட்டியில் விட்டால் இரண்டே நாளில் மல்லாந்துவிடும், அதன் கழிவே அதற்கு விஷம். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கிற பாக்டீரியாவை முதலில் வளர்க்க வேண்டும். அதற்கு ஒரு இறாலை அழுகவிட்டு, தண்ணீரை மாற்றாமல் ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும் என்று ஏதோ அமெரிக்கப் பத்திரிகையில் படித்திருந்தார். அது 1976. நாற்பதாம் நாள் சென்னையிலிருந்து மேலதிகாரி ஆறுமுகநயினார் வருவதாக இருந்தது.

‘தொட்டியைத் தொடாதே, தண்ணீரை மாற்றாதே’ என்று ஓர் அட்டையில் ஆங்கிலத்தில் எழுதி மாட்டினார். நாசரேத் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், ஒரு பிழை கிடையாது. அந்த அட்டையைத் தினமும் தூசி தட்டி வைக்கும் அந்தோணியம்மாளுக்குத் தமிழிலேயே கைநாட்டுதான்.

அந்தோணியம்மாள் ஒன்பது வருஷமாக அங்கே தினக்கூலிக்குப் பெருக்குகிறாள். புருஷன் சங்கு குளித்துக் காது இரண்டும் போய் வீட்டில் இருக்கிறான். வேலை நிரந்தரமாகிவிட்டால் போதும், அதற்குமேல் மாதாவிடம் எதுவும் கேட்பதில்லை என்று நேர்ந்திருந்தாள். விடிவதற்குள் வந்து அறையைத் திறந்துவிடுவாள். எபனேசர் பத்து மணி அலுவலகத்துக்குத் தவறாமல் பத்தரைக்கு வருவார்.

தொட்டி வந்த வாரமே எபனேசர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

“அந்தோணியம்மா, அதிகாரி வாரப்போ இங்கன நாத்தம் மூக்குல படக்கூடாது. படலைன்னா உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நானே கேக்கேன்.”

இறாலை அழுகப் போட்டுவிட்டு நாற்றம் கூடாதென்றால் என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குக் கேள்வி கேட்டுப் பழக்கமே இல்லை. “சரி ஐயா” என்றாள். தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் லட்சக்கணக்கில் வேலை பார்ப்பதாக அவர் விளக்கியபோது மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

முதல் வாரம் நாற்றம் குடலைப் பிடுங்கியது. பரிசோதனை மருந்தை ஒரு சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளானது. மஞ்சள் என்றால் விஷம்.

எட்டாம் நாள் காலையில் மஞ்சள் இல்லை, நாற்றம் இல்லை, இறாலும் இல்லை. இறாலின் ஓட்டைக்கூட மிச்சம் வைக்காத பாக்டீரியாவின் பசியை மெச்சி எபனேசர் ஒரு பக்கம் எழுதினார். அமெரிக்காவில் ஒரு மாதம் பிடிக்கிற வேலை இங்கே எட்டு நாளில் முடிந்துவிட்டது. அங்கத்திய பாக்டீரியாவைவிடத் தூத்துக்குடி பாக்டீரியா சுறுசுறுப்பு என்று எழுதி, அதற்கு அடிக்கோடும் போட்டார்.

இருபதாம் நாள் தொட்டிக்குள் மிளகு அளவில் ஒரு நண்டுக்குஞ்சு ஓடியது. அதை யாரும் விடவில்லை. உயிர் தானே தோன்றுகிற பக்குவத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று நோட்டில் இன்னும் இரண்டு பக்கம் போயிற்று.

முப்பதாம் நாள், சங்கு குளிப்பவர்கள் பிடித்துத் தந்த ஆறு வண்ணமீன்களை விட்டார். பத்து நாளாகியும் ஒன்றுகூடச் சாகவில்லை. புதுத் துறைமுகத்தைப் பார்க்க வந்தவர்களையெல்லாம் வலியக் கூட்டிவந்து, மீனைக் காட்டாமல் பாக்டீரியாவைக் காட்டினார். அவர்களும் பார்த்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாற்பதாம் நாள் ஆறுமுகநயினார் வந்தார். முன்னேற்பாடாக மூக்கில் வைத்திருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு, தொட்டியைச் சுற்றி வந்து மோந்து பார்த்தார். நாற்றமே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் கதவோரம் நின்ற அந்தோணியம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

எபனேசர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“எல்லாம் கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரங்க சார். லீவு கிடையாது, சம்பளம் கிடையாது. இந்த அறையைச் சுத்தம் பண்ண இனிமே ஆளே வேண்டாம்.”

அதிகாரி செலவைக் குறைக்கச் சொல்லும் உத்தரவோடு வந்தவர். இவ்வளவு லேசாக ஒரு வழி கிடைக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

“ரொம்ப நல்லது. அப்போ அந்த அம்மாவை இன்னியோட நிறுத்திடுங்க. உங்க பதவி உயர்வைப் பத்தி நான் மேலே எழுதறேன்.”

எபனேசருக்குத் தான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. பதவி உயர்வும் நினைவுக்கு வந்தது. இரண்டில் கனமானது எது என்று நிறுத்துப் பார்க்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. தலையாட்டினார்.

வீட்டில் போய்க் காது கேட்காத மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் அந்தோணியம்மாள் முதலில் நினைத்தாள். அறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

வாசல் வரைக்கும் போனவள் திரும்பிவந்து, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்போ, விடியுமுன்ன பழைய தண்ணியக் கொட்டிட்டு எட்டுக் குடம் கடத்தண்ணி தூக்கி ஊத்துதத நாளைலேருந்து உங்க ஆளுகளே பாத்துக்கிடுவாவளா ஐயா?”