சுவரில் தலைகீழாக

"கண்ணாடிய மாத்தி வச்சிட்டு இப்ப—" "நான் ஏங்க மாத்தறேன், என்னுது என் மூக்குமேல—" "அதான் என்னுது, கழட்டு! இழையே தெரியலன்னு காலையிலேர்ந்து கத்திக்கினு இருக்கேன்." தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார் குமாரவேல். முன்னே நீளவாக்கில் விரிந்த பாவு நூல்களில் ஓர் இழை அறுந்து கிடக்கிறது. கண் முகாமில் அவருக்கும் மனைவி குழலிக்கும் ஒரே மாதிரி கறுப்புப் பிரேம் கொடுத்ததால் வந்த சண்டை. குழலி எழுந்து விளக்கை அணைக்கிறாள். வாசல் வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிறது. தன் கண்ணாடியைக் கழற்றிச் சுவருக்கு ஒரு முழம் தள்ளிப் பிடிக்கிறாள். மங்கலாக ஒரு நிழல்தான் விழுகிறது. "பாருங்க, இது நடுவுல மெலிஞ்சது. வெளிச்சத்த விரிச்சு விட்டுடும், சுவத்துல படம் வராது. நம்ம பொண்ணு காவேரி பத்தாவது படிக்கசொல்ல செஞ்சு காட்டினாளே. எட்டத்துல பாக்க எனக்குக் குடுத்தது." அடுத்து அவர் போட்டிருந்ததை வாங்கிப் பிடிக்கிறாள். நடுவில் தடித்த அந்தக் கண்ணாடி வழியாக எதிர்வீட்டு மாடி, அங்கே காயும் அரக்குநிறப் பட்டு, தெருவில் போகும் ஒரு குடை, எல்லாம் சின்னதாக, தலைகீழாகச் சுவரில் வந்து நிற்கின்றன. "படம் விழுதா? கிட்டத்துல பாக்கறது இதான். உங்களுது." சொல்லி முடிக்கும்போதே, காலையிலிருந்து அவர் போட்டிருந்ததும் இதேதான் என்பது அவளுக்கு உறைக்கிறது. விளக்கைப் போடுகிறாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாவின்மேல் குனிகிறார். விரல் தடவித் தடவிப் போகிறது, அறுந்த இடத்தைத் தாண்டிப் போகிறது, திரும்பி வருகிறது, மறுபடியும் தாண்டுகிறது.

"குழலி, இதான் என்னுதுன்னா, இழை எங்கேம்மா?"