இடது பக்கக் கண்ணாடி

நேற்றுக் காலை எட்டே முக்காலுக்கு அவருடைய காரின் இடது பக்கக் கண்ணாடி டப்பென்று மடங்கிக்கொண்டது.

பாலத்து இறக்கம். ஓரமாகப் பழுதாகி நின்ற ஒரு கார், அதை ஏற்றிப் போக வந்த ரெக்கவரி வண்டி, அதன் தலையில் சுழலும் விளக்கு. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. பக்கத்துத் தடம் காலியாகத்தான் இருந்தது, மாறவும் இல்லை. கடை திறக்க நேரமாகிவிட்டிருந்தது.

நல்ல மழை. வைப்பர் ஆடிய ஆட்டத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று கண்ணில் பட்டது, அவ்வளவுதான். சாலையில் தடுப்புக்கு வைக்கும் கோனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த சிக்னலில் கண்ணாடியை நிமிர்த்திவிட்டார்.

இன்று பேப்பரில் நாலு வரி வந்திருந்தது. பாலத்து இறக்கத்தில் நேற்று வாகனம் மோதி ரெக்கவரி வண்டி ஊழியர் படுகாயம். அதற்குப் பிறகு அவருக்கு டீ இறங்கவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எழுத்து எழுத்தாகக் காட்டி, ‘தெரியுதா, தெரியுதா’ என்று ஊரையே கேட்டுக்கொண்டிருப்பவர். மதியம் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

இரண்டாம் மாடி, பதினோராம் கட்டில். நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள். வலது கால் தொடை வரை கட்டுப் போட்டு உயரத் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. விழுந்ததில் முறிந்திருக்கும்.

“பேப்பர்ல பார்த்தேன். சும்மா, பார்த்துட்டுப் போகலாம்னு.”

“பேப்பர்லயே வந்துட்டேனா!” என்றான் கட்டிலில் இருந்தவன். “போட்டோ போட்டாங்களா சார்?”

“இல்லைங்க.”

“அதானே பார்த்தேன். ஏம்மா, சாருக்கு அந்த ஸ்டூலைக் குடு.”

கட்டிலருகே உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். மனைவியாக இருக்க வேண்டும். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஸ்டூலைக் காலாலேயே அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் நீட்டிய ஆப்பிள் பையையும் இடது கையாலேயே வாங்கினாள். மரியாதை தெரியாதவள் என்று ஒரு கணம் தோன்றியது. உடனே, தனக்கு எதற்கு மரியாதை என்றும் தோன்றியது. அவள் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எப்படிங்க ஆச்சு?” கேட்டுவிட்டார். கேட்ட பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“அந்த இறக்கத்துல எவனும் பிரேக்கைத் தொட மாட்டான் சார். விளக்கு சுத்துது, கோன் வெச்சிருக்கோம், பளபளன்னு கோட்டு வேற. கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்கிறோம். ஒருத்தன் நம்மைப் பார்க்கணுமே!” சிரித்தான். கால் வலித்திருக்க வேண்டும், சிரிப்பு பாதியில் நின்றது. “நேத்து எனக்கு லீவு வேற. ஆள் இல்லை, வான்னாங்க. வெயில் மண்டையைப் பொளக்குது. குனிஞ்சு சங்கிலி மாட்டிட்டிருந்தேன். அது வரைக்கும்தான் ஞாபகம்.”

‘ஒருத்தன் நம்மைப் பார்க்கணுமே’ என்பதோடு அவருடைய காது அடைத்துப் போயிருந்தது.

“எப்ப சரியாகும்னு சொல்றாங்க?”

“மூணு மாசம். அப்புறமும் வண்டியில ஏறி இறங்க முடியுமான்னு சொல்ல மாட்டேங்குறாங்க.”

போதும், எழுந்து போய்விடலாம். எழுந்தும் விட்டார். வார்டு வாசல் பத்தடிதான் இருந்தது. நேற்றும் இப்படித்தான் போனோம் என்று நினைத்தார், கால் நகரவில்லை.

“நான்தாங்க அது,” என்றார் தரையைப் பார்த்து. “என் கார்தான். கண்ணாடியில என்னமோ பட்டுச்சு. நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. கோன்னு நினைச்சேன்னு இப்ப சொல்றேன்... மனுஷனோன்னு அப்பவே ஒரு சந்தேகம் வந்துச்சு. அதனாலதான் திரும்பிப் பார்க்கல.”

கட்டிலில் இருந்தவன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான்.

“எத்தனை மணிக்கு சார்?”

“எட்டே முக்கால்.”

“காலையிலயா?”

“ஆமா. மழை பெய்ஞ்சிட்டிருந்துச்சே.”

கட்டிலில் இருந்தவன் மெல்ல மூச்சை விட்டான். “என்னை இடிச்சது லாரி சார். மத்தியானம் ரெண்டு மணிக்கு. டிரைவர் இப்ப ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்கான்.”

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் லேசாகி, ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தார், அடங்கவில்லை.

“அப்ப அது கோன்தான்! காலையிலேர்ந்து உயிரே இல்லைங்க எனக்கு. நீங்க எழுந்து நடமாடுங்க, குடும்பத்தோட கடைக்கு வாங்க. எல்லாருக்கும் நானே கண்ணு டெஸ்ட் பண்ணி விடுறேன்.”

கட்டிலில் இருந்தவன் சிரிக்கவில்லை. அவன் பார்வை அவரைத் தாண்டிப் போயிருந்தது.

“கோன் இல்லை சார்.”

அந்தப் பெண். வந்ததிலிருந்து அவள் பேசி இப்போதுதான் கேட்கிறார். முகத்தைப் பார்ப்பதும் இப்போதுதான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சால்வை தோளிலிருந்து நழுவியிருந்தது. வலது கையில், விரல் நுனி மட்டும் தெரிய, முழங்கைக்கு மேல் வரை புது மாவுக்கட்டு.

“விடும்மா,” என்றான் கட்டிலில் இருந்தவன்.

அவள் விடவில்லை.

“நேத்து அந்த வண்டியில காலை டூட்டி நான். இந்தக் கையோட என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எனக்குப் பதிலாத்தான் சார், அண்ணன் போனாரு.”