ஒன்பதை விட்டுடு

“அந்த ஒம்போதாம் நம்பருக்குக் கை எதுக்கு இருக்குதுன்னே தெரியல. பந்து வந்தா போதும், சுடுற பாத்திரத்தப் புடிச்ச மாரி ஒடனே வினோதினிகிட்டத் தள்ளிடுது.”

மரக்காணம் டீக்கடையில் இப்படிச் சொன்னவர் உப்பளத் தொழிலாளி. உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்து வெடித்த கால்கள். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற கடைக்காரர் சேட்டுவிடம், சாலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார்.

பெஞ்சின் கோடியில் சரண்யா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். திண்டிவனத்துப் பள்ளியொன்றின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் அவள். நாளை மாவட்ட இறுதிப் போட்டி. எதிரணி இந்த ஊர்ப் பெண்கள். பருத்திப் புடவையில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல வந்து உட்கார்ந்திருந்தாள்.

இறுதிப் போட்டிக்கு முதல் நாள் எதிரணியின் ஊரில் டீ குடிப்பது அவள் வழக்கம். மூன்று வெற்றிக் கோப்பைகள் அப்படி வந்தவைதான். நான்காவது வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று தாளாளர் சொல்லியிருந்தார்.

“ஏம்பா இருசப்பா, அந்தப் பொண்ணு பந்தக் குடுக்கலன்னா வினோதினி எப்பிடிப் போடுவா?” என்றார் சேட்டு.

“உப்புக்கூடையத் தூக்கிவிடுறவளுக்கு யாருய்யா பேரு வெக்கறாங்க? சொமக்கறவளுக்குத்தான் பேரு. ரெண்டு பேரு சேந்து வினோதினிய மறிச்சிட்டா நம்ம ஆட்டம் முடிஞ்சிது. ஒம்போதத் தனியா விட்டாலும் அது நின்னு வேடிக்கதான் பாக்கும்.”

“கத்தாத. திண்டிவனத்துக்காரங்க காதுல வுழப் போவுது.”

“வுழட்டுமே.”

சரண்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிரே உப்புக் கொட்டகையை ஒட்டி நின்ற பனைமரத்தில், அடி இல்லாத பழைய உப்புக்கூடை ஒன்றை ஆளுயரத்துக்கு மேலே கட்டியிருந்தார்கள். கீழே மண் சிமெண்டுத் தரைபோல மிதிபட்டு இறுகிக் கிடந்தது. திருஷ்டிக்காக இருக்கும். உப்பைச் சுற்றிப் போடுகிற ஊர், கூடையையும் கட்டித் தொங்கவிடுகிறது என்று மனதுக்குள் உதட்டைச் சுழித்தாள்.

ஆனால் அந்த ஆள் சொன்னது சரிதான். அரையிறுதியை அவளே நோட்டும் கையுமாக உட்கார்ந்து பார்த்தாள். ஒன்பதாம் எண், பூவிழி, ஒரு முறைகூடக் கூடையைப் பார்த்து எறியவில்லை. பார்வையாளர் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், அதோடு சரி.

அந்தப் பெண்ணைக் கண்டாலே சரண்யாவுக்கு எரிந்தது. ஏன் என்று தனக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினேழு வயதில் அவளும் அப்படித்தான் ஆடினாள். ஓர் இறுதிப் போட்டியில் எதிரணி அவளை மறிக்கக்கூட ஆள் வைக்கவில்லை. கையில் பந்து, எதிரில் கூடை, நடுவில் யாருமில்லை. அவள் பந்தை வேறொருத்திக்குக் கொடுத்தாள். இந்தப் பூவிழியும் கொடுப்பாள். இவளை உள்ளேயிருந்து தெரியும்.

மறுநாள் விழுப்புரம் மைதானத்தில் திட்டம் அப்படியே நடந்தது. இரண்டு பேர் வினோதினியைச் சுற்றி வேலி போட்டார்கள். மூலையில் பூவிழி தனியாக நின்றாள்.

பந்து அவளிடம் வந்தது. எறிந்தாள். பனையோலையைத் தாண்டி இறங்குவதுபோல் விசித்திரமான உயரத்துக்குப் போய், வளையத்தைத் தொடாமல் கூடைக்குள் விழுந்தது. மூன்று புள்ளி.

குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்தாள் சரண்யா. இரண்டாவது விழுந்தபோதும் அதையேதான் நினைத்தாள்.

மூன்றாவதுக்குப் பிறகு அணித்தலைவி தமிழ்நிலா ஓடி வந்தாள். “மேடம், ஒம்போதாம் நம்பர நான் புடிக்கட்டுமா?”

“வேணாம், விடு. அவளால முடியாது.”

ஐந்தாவது விழுந்தபோது கடிகாரத்தில் பதினொரு நொடிதான் மிச்சம். நான்கு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை மரக்காணத்துக்குப் போனது.

தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள் சரண்யா. கம்பி வேலி ஓரம் அந்த வெளுத்த கால்களைப் பார்த்ததும் நேரே அவரிடம் போனாள். இந்த ஆளின் வாயை நம்பி அல்லவா வேலை போகிறது.

“என்னாங்க, ஒம்போதாம் நம்பர் வேடிக்கதான் பாக்கும்னு டீக்கடையில சொன்னீங்க?”

இருசப்பன் தலையைச் சொறிந்தார். “சொன்னேங்க.”

“பந்தப் பத்தித் தெரிஞ்சா பேசணும். இல்லன்னா உப்போட நிறுத்திக்கணும்.”

“தப்புதாங்க மேடம்.”

அவர் அப்படிப் பணிந்துபோனது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தோற்ற நாளிலும் தனக்குக் கீழே ஓர் ஆள் இருக்கிறான்.

அதற்குள் பூவிழி பதக்கம் ஆட ஓடி வந்தாள். சரண்யாவுக்கு மரியாதையாக ஒரு வணக்கம் வைத்தாள். பிறகு இருசப்பனின் தோள் துண்டை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“நான் சொல்லிக் குடுத்ததுல பாதிதான் திட்டினியாமேப்பா?”