கருணைக்கு மார்க்கு

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா? எனக்கு வயித்தெரிச்சல் ஒண்ணுதான்.

என் பேத்தி ஜெபசீலி நர்சிங் காலேஜ்ல சேர பரீட்சைக்குப் போனா. இப்ப கருணைக்கும் மெஷின்தான் மார்க்கு போடுதாம். நோயாளின்னு வச்சிருந்த பொம்மை கட்டில்ல இருந்து விழுந்ததும் இவ ஓடிப்போய்த் தூக்கிருக்கா. மூஞ்சில சிரிப்பு இல்லன்னு சைபர்! பக்கத்துல ஒருத்தி குனியக்கூட இல்ல, "உங்க வலி எனக்குப் புரியுது"ன்னு இளிச்சிட்டே நின்னாளாம். அவளுக்கு நூத்துக்கு நூறு. தூ!

இவ வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. "விடுடி, அடுத்த தடவ பாஸாயிரலாம், பழகுவோம்"னு கூடப் படிக்கிற புள்ளைக வந்து, பொம்மைக்குப் பதிலா என்னைத் தரையில படுக்க வச்சாளுக. சுத்தி நின்னு எல்லாவளும் இளிக்காளுக. எனக்கு நெசமாவே இடுப்பு புடிச்சிட்டு, எந்திரிக்க முடியல.

"தூக்குங்கடி!"ன்னு கத்துதேன். "ஆச்சி சூப்பரா நடிக்காங்க"ன்னு ஜெபசீலியே கைதட்டுதா.

உங்க வீட்டுப் புள்ளைக எப்படி? எழுதுங்க.