வளையம் போட்ட கோழி

ஸஹீதாவின் கூட்டில் வளையம் போட்ட கோழி ஒன்று செத்துக் கிடந்தது.

பறவைக் காய்ச்சலுக்குப் புதுத் தடுப்பூசி ஒன்றைச் சோதித்துப் பார்க்க, ஏறாவூர் வாவிக்கரையில் இரண்டு பண்ணைகளை எடுத்திருந்தார்கள். ஒன்று அவளுடையது. மற்றது வேலிக்கு அந்தப்பக்கம், நல்லரத்தினத்தினுடையது. மிருக வைத்தியர் றுமைஸா கோழிகளுக்கு ஊசி போட்டு, சில கோழிகளை மட்டும் காலில் வளையம் மாட்டி ஊசியில்லாமல் விட்டார்.

"ஊசி போட்ட கோழி சிலநேரம் நோயை வெளியில காட்டாமலே பரப்பும். போடாததுதான் செத்துக் காட்டும். ஒண்டு செத்தாலும் உடன சொல்லணும்" என்று இரண்டு வீட்டிலும் வாக்கு வாங்கியிருந்தார்.

சொன்னால், நன்றாக நிற்கிற கோழிகளையும் அழித்துவிடுவார்கள். கணவர் மௌத்தான பிறகு ஸஹீதாவுக்கும் மகளுக்கும் சோறு போடுவது அந்த முட்டைகள்தான்.

வேலியோரம் வந்த நல்லரத்தினம் குரலைத் தாழ்த்தினார். அவளுக்குக் கூடு அடித்துக் கொடுத்தவரே அவர்தான்.

"பேசாமப் புதைச்சிட்டு இரு தங்கச்சி. உன்ட கோழிக்கு வந்திட்டெண்டா என்ட பண்ணையையும் விடமாட்டாங்கள். எனக்கும் புள்ளைகள் இருக்கு."

ஸஹீதா அன்று அடுப்பு மூட்டவில்லை. தன்னிடம் முட்டை வாங்குகிற வீடுகளின் பிள்ளைகள் ஒவ்வொருவராய்க் கண்ணுக்குள் வந்தார்கள். றுமைஸாவுக்குப் போன் எடுத்தாள்.

நோய் உறுதியானது. வந்தவர்கள் கூடுகளை வெறுமையாக்கிவிட்டுப் போனார்கள். கிருமி உருமாறியிருக்கிறது, ஊசி அதைச் சரியாகத் தடுக்கவில்லை, செத்த கோழியிலிருந்து எடுத்த மாதிரியை வைத்துத்தான் மருந்தைத் திருத்தப் போகிறோம் என்று றுமைஸா ஆறுதலாகச் சொன்னார். ஸஹீதாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அடுத்ததாக நல்லரத்தினத்தின் பண்ணைக்கு வருவார்கள் என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

பொறுக்க முடியாமல் அவர் வீட்டுக்கே போனாள்.

"அண்ணன், என்னாலதான் உங்கட பண்ணையும் போகப்போகுது. என்னை மன்னிச்சிருங்க."

நல்லரத்தினம் தலை நிமிரவில்லை. அவர் மனைவி வதனிதான் எழுந்து வந்து ஸஹீதாவின் கையைப் பிடித்தாள்.

"நீ மன்னிப்புக் கேக்காத தங்கச்சி. எங்கட வளையக் கோழி உன்டது சாக முந்தி, போன கிழமையே செத்திட்டு. இவர்தான் ஒருத்தருக்கும் சொல்லாமப் புதைச்சவர்."